பழைய ஜிப்சியின் பிரேக் ஹோஸும் டஸ்ட் கவரும்: எதை மாற்றுவது, எதை விடுவது

பிரேக் பேட் மாற்ற விட்ட வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெக்கானிக் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, ஹோஸ், அதாவது சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய், வெடிப்பு விட்டிருக்கிறது. இன்னொன்று, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் டஸ்ட் கவர் துருப்பிடித்து ஓரமெல்லாம் உதிர்கிறது. "ரெண்டையும் ஒரே வேலையா முடிச்சிடலாம் சார்" என்பார். பழைய மாருதி ஜிப்சி வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். ஜிப்சி 1985 இறுதியில் வந்த வண்டி. 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்சி கிங் ஆனது. 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பது நின்றுவிட்டது. அப்படியென்றால் இன்று ஓடுபவற்றில் புதியதற்கே ஆறேழு வயது தாண்டிவிட்டது. பழையவை முப்பதைக் கடந்தவை. ரப்பருக்கும் தகரத்துக்கும் அது நீண்ட ஆயுள்.

ஒரே சக்கரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர, இரண்டும் ஒரே வேலை இல்லை. ஹோஸ் போனால் பிரேக்கே போகும், மாற்றுவதும் சுலபம். டஸ்ட் கவர் வெறும் தகரம், அது இல்லாமலும் வண்டி நிற்கும். ஆனால் அதை எடுக்க முன் ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பாகத்தை, முழுவதும் பிரிக்க வேண்டும். அதனால் ஹோஸ் விஷயத்தில் மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கத் தேவையே இல்லை, எந்த ஹோஸ் என்பதுதான் கேள்வி. டஸ்ட் கவரில் நேரெதிர்: மாற்றத்தான் வேண்டுமா என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தலையாட்டுகிறவர்கள், தேவையில்லாத வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டு, அந்தச் செலவை ஈடுகட்ட மலிவான ஹோஸை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே அதுதான்.

ஹோஸ்

ஜிப்சியில் ரப்பர் ஹோஸ் மூன்று. முன் சக்கரங்களுக்கு ஆளுக்கொன்று, சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒன்று. அந்தப் பின் ஹோஸைப் பலர் மறந்தே போகிறார்கள். டிஃபரன்ஷியலுக்கு மேலே சேறு அப்பிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. பேட் மாற்றும்போது பின்பக்கம் போகிற வேலையும் இல்லை. ஆனால் பின் சக்கரம் இரண்டுக்கும் அந்த ஒரு ஹோஸ்தான் வழி. முன்னால் இரண்டையும் மாற்றிவிட்டு இதை விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வெளியில் தெரியும் வெடிப்பைவிட மோசமானது உள்ளே நடப்பது. ஹோஸுக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அதைச் சுற்றி நூல் பின்னல், அதற்கு மேல் தடித்த ரப்பர் உறை. வருடக்கணக்கில் பிரேக் ஆயிலில் ஊறி அந்த உள் குழாய் வீங்கினால் வழி சுருங்கிவிடும். சில சமயம் உள்ளே ஒரு துண்டு கிழிந்து தொங்கி, ஒருவழி வால்வு போல அடைக்கும். பெடலை மிதித்தால் அழுத்தம் போகிறது. காலை எடுத்தால் திரும்பி வருவதில்லை. பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே வண்டி ஓடும். ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். பார்க்கிறவர்கள் உடனே, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபர் போய்விட்டது என்று காலிபரை மாற்றுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லுங்கள். விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால், ஹோஸின் மேல் முனையில், அதாவது சேஸிஸ் பக்கம், பைப் நட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் விடுபட்டால் ஹோஸ் நல்லது, கோளாறு மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்கம், அதாவது பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகத்தின் பக்கம். விடுபடவில்லை, ஆனால் காலிபரில் ஏர் எடுக்கும் திருகான பிளீடிங் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் சுற்றுகிறது என்றால், அடைப்பு ஹோஸுக்குள்தான். நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லையா, அப்போதுதான் காலிபர் பிஸ்டனையோ ஸ்லைடு பின்னையோ சந்தேகப்பட வேண்டும். பத்து நிமிட வேலை. காலிபருக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, எந்த ஹோஸ்? கடையில் மூன்று வகை கிடைக்கும்: கம்பெனி ரப்பர் ஹோஸ், வெளிக் கம்பெனி ரப்பர் ஹோஸ், ஸ்டீல் பின்னல் ஹோஸ்.

பெரும்பாலான ஜிப்சிகளுக்கு நான் சொல்வது புதிய கம்பெனி ரப்பர் ஹோஸ். நீளம் சரியாக இருக்கும், முனைகள் சரியாக உட்காரும், பிராக்கெட்டில் கிளிப் இறுக்கமாக விழும். பிரேக் ஹோஸில் நீளம் அற்ப விஷயம் இல்லை: ஓர் அங்குலம் கூடினால் ஸ்டீயரிங்கை முழு லாக், அதாவது கடைசி வரை, திருப்பும்போது டயரில் உரசும், ஓர் அங்குலம் குறைந்தால் ஆக்சில் தொங்கும்போது இழுபடும். ரப்பர் ஹோஸ் என்றால் பழங்காலப் பொருள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியல்ல. அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி ஹைட்ராலிக் பிரேக் ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை இரண்டு நிமிடம் தாங்கிவிட்டு, அதன்பிறகு 5,000 பிஎஸ்ஐ வரையிலாவது வெடிக்காமல் நிற்க வேண்டும். உள் விட்டம் எட்டில் ஓர் அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் அந்த அளவு 7,000. அழுத்தத்தோடு 35 மணி நேரம் இடைவிடாமல் வளைத்துச் சுழற்றும் சோதனையும் உண்டு. நல்ல ரப்பர் ஹோஸ் இத்தனையும் தாண்டித்தான் வருகிறது.

வெளிக் கம்பெனி ரப்பரில் நல்லதும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட வேண்டிய டூப்ளிகேட்டும் உண்டு. ஹோஸின் உடம்பைப் பாருங்கள். தரமான ஹோஸில் தயாரித்த கம்பெனியின் பெயரோ குறியோ, தயாரித்த மாதம், வருடம், எந்தத் தரவிதிப்படி செய்தது என்ற எழுத்து எல்லாம் ரப்பரின் மேலேயே அச்சாகியிருக்கும். பலவற்றில் நீளவாக்கில் ஒரு கோடும் போகும். அது அழகுக்கு இல்லை: மாட்டி முடித்தபின் அந்தக் கோடு நேராகப் போனால் ஹோஸ் முறுக்கில்லாமல் இருக்கிறது, திருகாணி போலச் சுற்றிப் போனால் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பாலிதீன் உறையில் பெயர் இருந்து, ஹோஸின் மேல் ஒன்றுமே இல்லையென்றால் வாங்காதீர்கள். தேதியும் முக்கியம். ஜிப்சி உதிரிபாகம் மெதுவாக விற்கிற சரக்கு. எட்டு வருடம் பரணில் கிடந்த "புது" ஹோஸ் கைக்கு வர வாய்ப்பு அதிகம்.

ஸ்டீல் பின்னல் ஹோஸுக்குத்தான் ஆசைப்படுகிறவர்கள் அதிகம். உள்ளே டெஃப்லான் குழாய், மேலே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிப் பின்னல். அழுத்தத்தில் ரப்பர் அளவுக்கு விரிவதில்லை என்பதால் பெடல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அது உண்மைதான். ஆனால் பழைய ஜிப்சியில் பெடல் மெத்தென்று இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: பின் டிரம்மில் ஷூ அட்ஜஸ்ட் ஆகாமல் தள்ளி நிற்பது, லைனில் ஏர், தேய்ந்த மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் பேரிங் ஆட்டம். இவற்றைச் சரிசெய்து, பழைய ரப்பருக்குப் பதில் புது ரப்பர் போட்டாலே பெடல் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்டீல் பின்னலால் கிடைக்கும் கூடுதல் லாபம் சின்னது.

அதன் குறைகளை விற்கிறவர்கள் சொல்வதில்லை. பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத வகையில், காட்டுப்பாதையின் புழுதியும் மணலும் கம்பிகளுக்குள் போய், ஹோஸ் ஒவ்வொரு முறை வளையும்போதும் உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாயை அரைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றே இருக்கும். ரப்பர் வெடிப்பு விட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். இது அப்படி எச்சரிக்காது. பின்னல் எதன்மேல் உரசினாலும் ரம்பம்போல அறுக்கும், அது பக்கத்து பிரேக் பைப்பாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அளந்து வெட்டி, முனையைத் திருகி மாட்டிக் கொடுப்பது. ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கும் கடைகளில் வேலை சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஹோஸின் உள் ரப்பர் மினரல் ஆயிலுக்காகச் செய்தது. பிரேக் ஆயில் முற்றிலும் வேறு ரசாயனம், அந்த ரப்பரை அது கெடுத்துவிடும்.

அப்படியானால் ஸ்டீல் பின்னல் யாருக்கு? ஸ்பிரிங் உயர்த்தி, ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை மாற்றி, ஆக்சில் முன்னைவிட நிறையத் தொங்கும்படி செய்த வண்டிக்கு. அதற்குக் கம்பெனி ஹோஸ் நீளம் போதாது. பிளாஸ்டிக் உறை போட்டது, முனைகள் தொழிற்சாலையிலேயே அழுத்திப் பொருத்தியது, சோதனைச் சான்றோடு வருவது, இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். உயரம் ஓரிரு அங்குலம்தான் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. சேஸிஸில் ஹோஸ் பிடிக்கும் பிராக்கெட்டை ஒரு கெட்டித் தகடு வைத்துக் கீழே இறக்கி, ஸ்டீல் பைப்பை மெதுவாக வளைத்துக் கொண்டுவந்தால், கம்பெனி ரப்பர் ஹோஸே எட்டிவிடும். எனக்கு இதுதான் பிடித்த வழி. நடுக்காட்டில் ஹோஸ் போனால் எந்த ஊர்க் கடையிலும் வாங்கி மாட்டிவிடலாம்.

எதை மாட்டினாலும் சோதனை ஒன்றுதான். சேஸிஸைத் தூக்கி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிடுங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழு லாக் திருப்புங்கள். ஹோஸ் எங்கும் விறைக்கக் கூடாது, டயர், ஸ்பிரிங், ஷாக் எதிலும் தொடக் கூடாது. பிறகு வண்டியை இறக்கி அதே சோதனை. பட்டறையில் இதைச் செய்யாமல் சாவியை வாங்காதீர்கள்.

ஹோஸ் வேலையில் எதிர்பாராத செலவு ஒன்று உண்டு: பைப் நட். இத்தனை வருடத் துருவில் நட் ஸ்டீல் பைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும். விடாமல் திருகினால் பைப்பே முறுக்கி ஒடியும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பைப் நட் ஸ்பேனரால்தான் திறக்க வேண்டும். அப்படியும் ஒடிந்தால் பைப்பையும் மாற்றிவிடுங்கள். வெறும் செம்புக் குழாய் போட்டுக் கொடுக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதிர்வில் அது இறுகி விரிசல் விடும். ஸ்டீல் பைப் அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பைப், முனை இரட்டை மடிப்பாக விரித்தது. ஏசி பைப்புக்கு விரிப்பது போன்ற ஒற்றை மடிப்பு இங்கே ஆகாது.

டஸ்ட் கவர்

டிஸ்க்கின் வெளிமுகத்தைச் சக்கரம் மறைத்துக்கொள்ளும். உள்முகத்துக்கு இருப்பது இந்தத் தகரத் தட்டு மட்டுமே. சேறு, தண்ணீர், சரளைக்கல் நேராக டிஸ்க்கின் மேல் அடிக்காமல் தடுப்பது அதன் வேலை. ஜிப்சியில் இது ஸ்பிண்டிலோடு (ஹப் சுற்றும் அச்சு) சேர்ந்து நக்கிளில் (ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) போல்ட் போட்டு இருக்கிறது. அதனால் காலிபரைக் கழற்றி, ஹப் லாக்கை எடுத்து, லாக் நட் திறந்து, பேரிங்கோடு ஹப்பை வெளியே இழுத்த பிறகுதான் கை வைக்க முடியும். தகரத்தின் விலை ஒரு பொருட்டே இல்லை, கூலிதான் செலவு.

பழையதை அப்படியே விடலாமா? ஓரம் மட்டும் உதிர்ந்து, நடுப்பகுதி கெட்டியாக இருந்தால் விடலாம். துருவைச் சுரண்டி, டிஸ்க்கில் படாமல் ஓரத்தை நிமிர்த்திவிட்டால் இன்னும் சில வருடம் ஓடும். போல்ட் போடும் இடத்தில் தகரம் விரிசல் விட்டு ஆடுகிறது என்றால் மட்டும் விடவே கூடாது. ஆடும் கவர் ஒருநாள் டிஸ்க்கில் சிக்கிக் கிழியும். அந்தத் துண்டு போய் உட்காரும் இடம் ஹோஸுக்குப் பக்கத்தில். கவரே இல்லாத வண்டி அதைவிடப் பாதுகாப்பானது.

கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாமா? ஆஃப்ரோடு ஓட்டும் பலர் செய்வது இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. வயல் சேற்றில் இறங்கி ஏறிய வண்டியைக் கவனித்தால் தெரியும்: கவருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் களிமண் புகுந்து, காய்ந்து, ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். சின்னக் கல் ஒன்று மாட்டினால் காது கூசும் கிறீச் சத்தத்தோடு டிஸ்க்கில் வட்டமாகக் கோடு போட்டுக்கொண்டே வரும். கவர் இல்லையென்றால் சேறு தானே விழுந்துவிடும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் சுலபம். ஆனால் சேற்றில் ஒரு நாள் விளையாடிவிட்டு மற்ற நாளெல்லாம் தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இந்த நியாயம் பொருந்தாது. மழை நாளில் முன் டயர் வாரி இறைக்கும் மணல் கலந்த தண்ணீர் முழுவதும் உள்முகத்தில் அடிக்கும். உள் பேட் வெளிப் பேடைவிட வேகமாகத் தேயும். மழையில் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்க ஒரு கணம் தாமதமாகும். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. அங்கே மழையில் இறங்கும்போது அந்த ஒரு கணம் யாருக்கும் வேண்டாம்.

கவரை எடுத்துவிட்டு ஓட்டுவது என்று முடிவெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தகரத்தின் கனம் குறைவதால் அதே போல்ட் துளையில் இன்னும் ஆழமாகப் போகும். அடியில் முட்டினால் கைக்கு இறுகியதுபோலத் தெரியும், ஸ்பிண்டில் உண்மையில் இறுகியிருக்காது. துளையின் ஆழத்தைப் பார்த்து வாஷரோ சரியான நீளப் போல்ட்டோ போடச் சொல்லுங்கள்.

நடுவழியாகச் சிலர் ஹப்பைப் பிரிக்காமல் புதுக் கவரை ஒரு பக்கம் வெட்டி, சி வடிவத்தில் நுழைத்து, வெல்டிங் வைக்கிறார்கள். கூலி மிச்சம்தான். ஆனால் பேரிங் கிரீஸ், சீல், அங்கே இருக்கும் ரப்பர் ஹோஸ், இத்தனைக்கும் பக்கத்தில் நெருப்பு வைப்பது எனக்குச் சம்மதமில்லை. வெல்டிங் மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் அதன் உருளைகளில் பொத்தல் விழும். ரிவெட் வைத்தாலும் அதிர்வில் தளரும். வேண்டாம்.

அப்புறம் மிச்சமிருப்பது முறைப்படி புதுக் கவர். இதைத் தனி வேலையாகச் செய்யாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. ஜிப்சியின் முன் ஹப்பை எப்படியும் ஒருநாள் பிரித்தாக வேண்டும்: வீல் பேரிங் கிரீஸ், ஹப் சீல், நக்கிளில் கிரீஸ் கசிவு, கிங்பின் பேரிங் என்று ஏதாவது ஒன்று வரும். அந்த நாளுக்கு இரண்டு டஸ்ட் கவரையும் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். மாட்டும் முன் துருத் தடுப்பு பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவைத்தால் கம்பெனி பூச்சைவிட நீண்ட நாள் வரும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்த ஒரு வேலை மிகவும் பயன்படும். ஹப் பிரிக்கிற அன்று கவனிக்க வேண்டியது லாக் நட். அதற்கென்று பெரிய பாக்ஸ் ஸ்பேனர் இருக்கிறது. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திறக்கிற பட்டறை என்றால், அங்கே ஹப்பைப் பிரிக்கவே விடாதீர்கள். பேரிங் இறுக்கத்தைத் தட்டல் கணக்கில் வைக்க முடியாது.

என் கணக்கில்

ஊரிலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டி என்றால் மூன்று கம்பெனி ரப்பர் ஹோஸ் உடனே, டஸ்ட் கவர் அடுத்த பேரிங் வேலையோடு. எஸ்டேட் பாதையும் காட்டுப்பாதையுமாக ஓடினாலும் ஹோஸ் அதேதான். கவர் கெட்டியாக இருக்கும்வரை இருக்கட்டும், ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் அதற்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஸ்பிரிங் உயர்த்திப் போட்டிக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு உறை போட்ட ஸ்டீல் பின்னல், கவர் இல்லாமல். பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் அது எப்போதும் ஹோஸுக்கு. மூன்று ஹோஸும் சேர்ந்து ஒரு நல்ல டயரின் விலை வராது.

ஹோஸ் மாற்றுகிற அன்றே பிரேக் ஆயிலையும் முழுதாக மாற்றிவிடுங்கள், எப்படியும் லைனைத் திறக்கிறோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் பேடின் சூடு காலிபர் வழியாக ஆயிலுக்குப் போய், அது கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 போடலாம். சிலிகான் வகையான டாட் 5 மட்டும் கூடாது. ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து, வெளியே வரும் ஆயில் புதிய நிறத்தில், குமிழி இல்லாமல் வரும்வரை விடக் கூடாது. பேஞ்சோ போல்ட் (நடுவில் ஆயில் போகத் துளை உள்ள போல்ட்) இருக்கும் முனைகளில் செம்பு வாஷர் ஒவ்வொன்றும் புதிது. பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும்.

புது ஹோஸைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்கள் நம் பட்டறைகளில் உண்டு. பேட் மாற்றும்போது காலிபரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிடுவது ஒன்று. ஒரு துண்டுக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடச் சொன்னால் போதும், யாரும் மறுப்பதில்லை. இன்னொன்று மழைக்காலத்துக்கு முன் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து ஸ்பிரே அடிப்பது. தகரத்துக்கு நல்லதுதான், ஆனால் பிரேக் ஹோஸ் ரப்பருக்கு மினரல் ஆயில் ஆகாது, ஊதிப் பொதபொதவென்று ஆகிவிடும். டிஸ்க்கில் பட்டால் பிரேக்கும் வழுக்கும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று ஹோஸையும் டிஸ்க்குகளையும் பாலிதீனால் சுற்றிக் கட்டிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் நீங்களே பிரித்துப் பாருங்கள்.

வேலை முடிந்த மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் பட்டால் அந்த இணைப்பைத் திரும்ப இறுக்கிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.